தொண்ணூற்று நான்கு மதிப்பெண்

திரையில் 94 என்ற எண் பச்சை நிறத்தில் தோன்றியதும் சாந்தாமணி அம்மையார் இரு கைகளையும் தட்டிச் சிரித்தார்.

"பள்ளிக்கூடத்துல நாப்பதத் தாண்டுனதில்லீங்க அம்மிணி. இப்பப் பாருங்க, தொண்ணூத்தி நாலு! ஒரு காயிதத்துல அடிச்சுக் குடுங்க, எங்கூட்டுச் செவுத்துல ஒட்டி வெக்கிறேன்."

அடித்துக் கொடுத்தேன். பல்லடத்தில் இருந்த எங்கள் செவித்திறன் மையத்தில் அந்த மாதம் நான் கொடுத்த இருநூறாவது சான்றிதழ் அது. அவருக்கு வயது நாற்பத்தொன்பது. அதில் இருபத்தாறு ஆண்டுகளை விசைத்தறிக் கூடத்தில் கழித்தவர்.

"இந்த மார்க்குக்கு என்னங்க அர்த்தம்?"

"அறுபதுக்கு மேல வந்தா உங்களுக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு அர்த்தம்மா. அறுபதுக்குக் கீழ வந்தா காதுக்குக் கருவி வேணும். புதுச் சட்டம் வந்துட்டா அந்தக் கருவிக்கு உண்டான செலவ மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியே கட்டாயமாக் குடுத்தாகணும்."

"அப்ப எனக்கு ஒண்ணும் குடுக்க வேண்டாம்னு சொல்லுங்க. கம்பெனிக்காரனுக்கு லாபந்தான்." சான்றிதழை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவர் புறப்பட்டார்.

அந்தச் சோதனையைப் பற்றிச் சிறிது கூற அனுமதிக்க வேண்டுகிறேன். மனிதர் யாரும் அதை நடத்துவதில்லை. இயந்திரமே பத்து நிமிடம் உரையாடும். ஊர், வீடு, சமையல், பேருந்து என்று சாதாரணமாகக் கேள்விகள் கேட்கும். பின்னணியில் சந்தை இரைச்சலைச் சிறிது சிறிதாகக் கூட்டும். எதிரில் இருப்பவர் எவ்வளவு விரைவாக, எவ்வளவு பொருத்தமாகப் பதில் சொல்கிறார் என்று கணித்து மதிப்பெண் இடும். தொடக்கத்தில் அது வெறும் குரலாகத்தான் இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து யாரோ விசாரிப்பதைப் போல இருக்கிறது என்று முதியவர்கள் அஞ்சினார்கள். வந்தவர்களிடம் முகம் காட்டாமல் பேசுவது மரியாதை அல்லவே என்று எனக்கும் தோன்றியது. திரையில் ஒரு பெண்ணின் முகத்தைச் சேர்க்கலாம் என்று ஆலோசனைக் கூட்டத்தில் சொன்னவள் நான்தான். என் ஐந்தாண்டுப் பணியில் கூட்டத்தில் வாய் திறந்து நான் கூறிய ஒரே யோசனை அது. எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்று வாரங்கள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் சாந்தாமணி அம்மையார் மீண்டும் வந்தார். இடது தோளிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார். உடன் மகள் மிதுனா வந்திருந்தாள். இருபது வயது, கல்லூரிப் பையைத் தோளில் மாட்டியபடி கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"பழைய தறியெல்லாம் எடுக்கறாங்கல்லங்க, ஞாயித்துக்கிழமையோட அந்தத் தறிச் செட்ட மூடறாங்க. திங்கக்கிழமையிருந்து எல்லாரும் புதுச் செட்டுக்குப் போகோணும். போன வாரம் பழகிப் பாக்கச் சொல்லி உட்டாங்க. அங்க நூல் சுத்துன பாவு உருளைய ஆளுங்க தூக்கறதில்ல. ஒரு வண்டி தானாவே தூக்கீட்டு வரும். ஓட்டறதுக்கு ஆளில்ல. மேல கூரைல ஒரு பொட்டி, 'மூணாம் வரிச வெலகு, நாலாம் வரிச வெலகு'ன்னு சொல்லுமாம். மத்தவங்களெல்லாம் வெலகறாங்க. எனக்கு மட்டும் அந்தப் பொட்டி வாய்க்குள்ளயே மொனகுதுங்க."

"வண்டியில விளக்கு இல்லையா?"

"இருக்குதுங்க. நான் குனிஞ்சு நூல் அந்து போனதப் பாத்துட்டு நிக்கறேன். முதுகுல எனக்குக் கண்ணா இருக்குது?"

அந்த வண்டி அறுநூறு கிலோ எடை உள்ளது. தோளில் மட்டும் இடித்தது அவருடைய நல்ல காலம்.

"சூப்பர்வைசர் காதுக்கு மிஷின் போட்டுட்டு வா, இல்லீன்னா வேலைக்கு வராதங்கறான். மிஷின் நாலரை லட்சமாமாங்க. காப்பீட்டுல கேட்டா, உனக்குத்தான் தொண்ணூத்தி நாலு இருக்குதே, சட்டம் வந்தாலும் உனக்கெதுக்குங்கறாங்க. சங்கத்துல எம் பேர்ல மனுப் போட்டிருக்கறாங்க. வெள்ளிக்கிழம கோயமுத்தூர்ல விசாரணை. அதுக்கு முன்னால இன்னொருக்கா டெஸ்ட் பண்ணிப் பாருங்க அம்மிணி. காது நல்லாத்தான் இருக்குது. அந்தச் செட்டுல மட்டுந்தான் மக்கர் பண்ணுது."

அவரைச் சோதனை அறையில் அமர வைத்தேன். திரையில் முகம் தோன்றி வணக்கம் கூறியது. ஐந்தாவது நிமிடத்தில் மின்சாரம் ஒரு நொடி தடைப்பட்டு மீண்டது. திரை உடனே உயிர் பெற்றது. சந்தை இரைச்சல் நின்றுவிட்டிருந்தது. முகம் பேசிக்கொண்டிருந்தது. சாந்தாமணி அம்மையார் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரசத்துக்குப் புளி கம்மியாத்தாங்க போடுவேன். எம் பொண்ணுக்கு ஆகாது."

ஏதோ ஒன்று சரியில்லை என்று உணர எனக்குச் சில நொடிகள் ஆயின. அறையில் அவருடைய குரல் மட்டுமே ஒலித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியின் சிவப்பு விளக்கு எரியவில்லை. மின்தடைக்குப் பின் அதை மீண்டும் இயக்க வேண்டும், நான் இயக்கவில்லை. திரையில் இருந்த பெண் ஓசையே இல்லாமல் உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸுங்களா? காலைல ஆறே முக்காலுக்கு ஒண்ணு. அத உட்டா எட்டுக்குத்தாங்க" என்றார் அம்மையார், திரையைப் பார்த்துச் சிரித்தபடி.

திரையில் 94 தோன்றியது.

தறிக்கூடத்தில் முப்பது தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்பவர்கள் கத்துவதில்லை. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் வரைவதைப் போலப் பேசுவார்கள். நான்கு தறி தள்ளி நிற்பவர் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு பதில் சொல்வார். வீட்டு விசேஷம், கூலிச் சண்டை, கேலி எல்லாம் அப்படியே நடக்கும். அது அவர்களுக்கு ஒரு திறமையாகக்கூடத் தோன்றுவதில்லை. பேச்சு என்றாலே அதுதான். அந்த இருபத்தாறு ஆண்டுகளில் செவி எப்போது விடைபெற்றது, கண் எப்போது அதன் இடத்தில் வந்து அமர்ந்தது என்று அவருக்கே தெரியாது. தமக்குக் கேட்கிறது என்று அவர் சொன்னது பொய்யன்று. அவர் அப்படித்தான் நம்பியிருந்தார்.

எங்கள் மையத்தில் சோதிக்கப்பட்ட தறித் தொழிலாளர் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுடைய சராசரி மதிப்பெண் கல்லூரி மாணவர்களின் சராசரியைவிட அதிகம். அது ஏன் என்று நான் ஒரு முறைகூட வியக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

"எத்தனைங்க?" என்று கேட்டார் அவர்.

"அதேதாம்மா."

"அட, போங்க" என்று அவர் முதல் முறையாகச் சோர்ந்து அமர்ந்தார்.

அன்று பிற்பகல் மையத்தின் இயக்குநர் டாக்டர் இளஞ்சேரனின் அறைக்குச் சென்றேன். நடந்ததைக் கூறினேன். இரண்டு முறை மன்னிப்பும் கேட்டேன். அவர் கணினியை மூடிவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஆதிரை, உட்காருங்க. இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"நல்லது. கொஞ்சம் பொறுமையா யோசிச்சுப் பாருங்க. பதினோரு வருஷமா காப்பீட்டுக் கம்பெனிங்க இந்தச் சட்டத்த எதிர்த்தாங்க. வயசானா காது மந்தமாகறது இயற்கை, இயற்கைக்கெல்லாம் நாங்க பணம் கட்ட முடியாதுன்னு சொன்னாங்க. கேட்டவங்க எல்லாருக்கும் குடுத்தா எல்லாரோட பிரீமியமும் ஏறும்னு பயமுறுத்தினாங்க. கடைசியா எதுக்கு இறங்கி வந்தாங்க? இந்த டெஸ்ட்டுக்கு. உண்மையாத் தேவைப்படறவங்கள மட்டும் மெஷின் பிரிச்சுக் காட்டும்னு நாம சொன்னோம், அவங்க நம்பினாங்க. வெள்ளிக்கிழமை விசாரணை முடிஞ்சதும் காப்பீட்டு ஆணையம் சட்ட முன்வடிவுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடப் போகுது. இப்பப் போயி டெஸ்ட்டே தப்புன்னு சொன்னா என்ன ஆகும்?"

அவர் தம் நாற்காலிக்குத் திரும்பினார்.

"கம்பெனிங்க எழுந்து போயிடும். சட்டம் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிப் போகும். அது ஒரு வருஷம், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். தமிழ்நாடு முழுக்க ரெண்டு லட்சம் பேர் காத்துட்டு இருக்காங்க." என் பக்கம் குனிந்தார். "உங்க அப்பாவுக்கு எத்தனை வந்துது? முப்பத்தொண்ணுதானே?"

முப்பத்தொன்றுதான். என் தந்தை அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அவரிடம் எழுதிக் காட்டித்தான் பேசுகிறோம். இந்தச் சட்டத்துக்காக அவர் நாள்காட்டியில் தேதி வட்டமிட்டு வைத்திருந்தார்.

"தறிக்காரங்கள அப்புறமாச் சேர்த்துக்கலாம். முதல்ல சட்டம் வரட்டும்."

"சார், அந்தம்மா திங்கட்கிழமை அந்த ஷெட்டுக்குள்ள போறாங்க."

"போக வேண்டாம்னு சொல்லுங்க."

"போகலைன்னா வேலை இல்ல சார்."

அவர் மீண்டும் கணினியைத் திறந்தார். அவர் தீயவர் அல்லர் என்பதையும் இங்கே குறிப்பிடக் கடமைப்பட்டிருக்கிறேன். சட்டத்துக்காகப் பதினோரு ஆண்டுகள் அலைந்தவர்களுள் அவரும் ஒருவர். அன்று மாலை நான் சாந்தாமணி அம்மையாருக்கு எதுவும் சொல்லவில்லை. புதனும் வியாழனும்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கோவையில் விசாரணை மண்டபம் நிரம்பியிருந்தது. ஆணையத்தின் தலைவர் ஹாஜிரா பேகம், ஓய்வு பெற்ற நீதிபதி. காப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்காக வழக்கறிஞர் விஸ்வேசன் வந்திருந்தார். சாந்தாமணி அம்மையார் சாட்சி நாற்காலியில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். சோதனை நடத்திய அலுவலர் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். மண்டபத்தின் எதிர்க்கோடியில் எனக்கு இடம்.

விஸ்வேசன் சாட்சியின் நேர் எதிரில் சென்று நின்றார்.

"அம்மா, சாப்டீங்களா?"

"ஆச்சுங்க. உப்புமா. கடலைப் பருப்பே கண்ணுல படல."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

"ஆறே முக்கால் பஸ்ஸுங்க."

"நான் மெதுவாத்தான் பேசறேன். கேக்குதுல்ல?"

"ஏனுங்க, அதுக்குன்னு இவ்வளவு மெதுவாவா? நீங்க வேகமாவே பேசலாங்க வக்கீலய்யா, நேரமாகுது."

இம்முறை தலைவரும் புன்னகை செய்தார். விஸ்வேசன் ஆணையத்தின் பக்கம் திரும்பினார்.

"தலைவர் அவர்களே, எனக்கு வேறு கேள்வி இல்லை. இருபத்தாறு ஆண்டு தறியில் இருந்தவர். தறிச் சத்தம் செவியைக் கெடுக்கும் என்று சங்கத்தார் சொல்கிறார்கள். என் கேள்விகளில் ஒன்றையாவது இவர் தவறவிட்டாரா? இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இப்படித்தான். பாடுபட்டுச் சம்பளத்தில் பிரீமியம் கட்டுகிற மற்றவர்களுடைய பணத்தை, நன்றாகக் கேட்கிறவர்களுக்குக் கருவி வாங்கச் செலவிடுவது நியாயமா?" பிறகு என்னைப் பார்த்தார். "அலுவலரிடம் ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமை இவருக்கு மறுசோதனை செய்தீர்கள். அப்போதும் மதிப்பெண் தொண்ணூற்று நான்குதானே?"

நான் எழுந்து நின்றேன். "ஆம்."

"நன்றி. அமரலாம்."

நான் அமரவில்லை. முன்வரிசையில் டாக்டர் இளஞ்சேரன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கருவியை மாட்டிக்கொண்டு எங்களுடன் அமர்ந்து செய்தி கேட்கப் போகும் என் தந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. அறுநூறு கிலோ வண்டியும் நினைவுக்கு வந்தது. ஒலிபெருக்கி இயங்கவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. பள்ளிக்காலம் முதலே எனக்கு இப்படித்தான். நாலு பேர் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். மண்டபத்தின் மறுகோடியில் சாந்தாமணி அம்மையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்பதற்காவது என் உதடுகள் அசைந்தன. மூச்சுக்கூட வெளிவரவில்லை என்பது எனக்கே தெரியும்.

*அம்மா, மன்னிச்சுடுங்க. நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?*

"நல்லாக் கேக்குதுங்க அம்மிணி" என்று மண்டபம் முழுவதும் ஒலிக்கும்படி அவர் பதில் சொன்னார். "எதுக்குங்க மன்னிப்பெல்லாம்? நீங்க என்ன பண்ணுனீங்க?"

எல்லாத் தலைகளும் அவரை நோக்கித் திரும்பின. பிறகு என்னை நோக்கித் திரும்பின.

ஹாஜிரா பேகம் மெல்லக் கேட்டார்: "அந்தப் பொண்ணு ஏதாவது பேசுச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

யாருக்கும் கேட்கவில்லை. தலைவர் சில கணங்கள் சாந்தாமணி அம்மையாரைப் பார்த்தபடி இருந்தார். பின்னர் மேசையில் இருந்த மனுக் கட்டை எடுத்துத் தம் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உங்க பேர் என்ன?"

சாந்தாமணி அம்மையார் பணிவாகக் காத்திருந்தார்.

"உங்க பொண்ணு பேர் என்னம்மா?" குரல் உயர்ந்தது.

அவர் நாற்காலியில் சற்று நகர்ந்து அமர்ந்தார். தலைவர் ஏதோ படிக்கிறார் போலிருக்கிறது என்ற பொறுமை அவர் முகத்தில் தெரிந்தது.

"சாந்தாமணி!" என்று ஹாஜிரா பேகம் ஏறக்குறைய கத்தினார்.

மனுக் கட்டு கீழே இறங்கியது.

"மூணு தடவ கேட்டேம்மா."

"எப்பங்க?" என்றார் அவர்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தறிக்கூடத்தில் பிறர் முகத்தைப் படித்தே வாழ்ந்தவருக்கு எங்கள் முகங்களைப் படிக்க அதிக நேரம் ஆகவில்லை. கை மெல்ல உயர்ந்து தம் காதைத் தொட்டது.

அதன்பின் எனக்குக் குரல் வந்தது. மின்தடையைச் சொன்னேன். ஒலிபெருக்கியைச் சொன்னேன். முகத்தைச் சேர்க்கச் சொன்னவள் நான் என்பதையும், மூன்று நாட்களாக மறைத்ததையும் சொன்னேன்.

விஸ்வேசன் விடவில்லை. "அப்படியே வைத்துக்கொண்டாலும் தலைவர் அவர்களே, இவர் வாயைப் பார்த்து அனைத்தையும் புரிந்துகொள்கிறார். குறை இருந்தாலும் வாழ்க்கைக்கு அது தடையாக இல்லையே! தடை இல்லாதபோது..."

"வக்கீல் சார்," என்று இடைமறித்தார் ஹாஜிரா பேகம், "அந்த வண்டிக்கு வாய் இருக்குதா?"

தீர்ப்பு மாலை நான்கு மணிக்கு வந்தது. சோதனை செல்லாது. தறித் தொழிலாளர் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் முகம் இல்லாமல் மறுசோதனை, அறுபதுக்குக் கீழ் வருபவர்களுக்கு ஆணையத்தின் நிதியிலிருந்து உடனே கருவி, மனுதாரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள். கூட்டமைப்பு அன்றே தன் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. டாக்டர் இளஞ்சேரன் சொன்னபடியே சட்டமுன்வடிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போயிற்று.

வீட்டுக்குச் சென்று தந்தையிடம் எல்லாவற்றையும் ஒரு முழுத் தாளில் எழுதிக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். கீழே "சரி, விடு" என்று எழுதினார். அன்றிரவு அவர் என்னிடம் வேறெதுவும் எழுதவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சாந்தாமணி அம்மையாரும் மிதுனாவும் மையத்துக்கு வந்தார்கள். முகம் இல்லாத சோதனையில் அவர் ஒன்பது மதிப்பெண் பெற்றார்.

"ஒம்பதா!" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை. "இத்தன வருசமா நான் செவிடா அம்மிணி? எனக்கே சொல்லாமயா?"

கருவியை எடுத்தேன். வேர்க்கடலை அளவே இருக்கும். அணிந்தவர் யாருடைய பேச்சில் மனத்தைச் செலுத்துகிறாரோ அந்தக் குரலை இரைச்சலுக்கு மேல் உயர்த்தித் தரும். இரண்டு காதுகளிலும் பொருத்தி இயக்கினேன்.

அவர் திடுக்கிட்டுக் கூரையைப் பார்த்தார். "அது என்னங்க?"

"ஃபேன்மா."

"இவ்வளவு சத்தமா ஓடும்?" புடவைத் தலைப்பைத் தேய்த்துப் பார்த்தார். நாற்காலியை நகர்த்திப் பார்த்தார். நான் அவருக்குப் பின்னால் சென்று, "மூணாம் வரிசை, விலகு" என்றேன். உடனே நாற்காலியோடு ஓரமாக நகர்ந்துவிட்டு, தம்மைத் தாமே பார்த்துச் சிரித்தார். நாளை வண்டி வந்தால் விலகிவிடுவார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மிதுனா, அம்மாகிட்ட ஏதாவது பேசும்மா" என்றேன்.

அவள் தாயின் எதிரில் வந்து மண்டியிட்டு அமர்ந்தாள். பேசினாள்.

சாந்தாமணி அம்மையாரின் சிரிப்பு நின்றது. "அம்மிணி, இவ பேசறது மட்டும் கேக்கலீங்க. மிஷின் நின்னு போச்சு."

பதறிக் கருவியைச் சோதித்தேன். இரண்டும் சரியாக இயங்கிக்கொண்டிருந்தன. "இன்னொரு தடவ பேசும்மா" என்று மிதுனாவிடம் கூறினேன். அவள் பேசினாள். நானும் கவனித்தேன். எனக்கும் கேட்கவில்லை.

"மிதுனா, சத்தமே வரலையேம்மா."

"இல்லீங்க மேடம், பேசறனே" என்று அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள், தெளிவான, கொஞ்சம் கனத்த குரலில். பிறகு தாயின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். உதடுகள் அழகாக ஒவ்வொரு சொல்லையும் வரைந்தன. ஓசை இல்லை. அவள் கை அவளுடைய தொண்டைக்குப் போயிற்று.

தறிக்கூடத்துத் தொட்டிலில் வளர்ந்த பெண் அவள். தாயிடம் பேசுவதற்குக் குரல் தேவைப்பட்டதே இல்லை. எந்த வயதில் அதை நிறுத்தினாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. நிறுத்தியதே அப்போதுதான் தெரிந்தது. மூன்று முறை முயன்றாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் தொண்டை தானாகவே அடங்கிவிடுகிறது. கண்களில் நீர் வந்துவிட்டது.

"வரமாட்டேங்குது மேடம்" என்றாள் என்னிடம், நன்றாகக் கேட்கும்படி.

சாந்தாமணி அம்மையார் மகளின் கன்னத்தை ஒரு முறை தடவினார். பிறகு எழுந்து, நாற்காலியை ஒரு கையால் இழுத்துச் சுவரைப் பார்த்தபடி திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகு காட்டி அமர்ந்துகொண்டார்.

"இப்பச் சொல்லு கண்ணு. நான் பாக்கல."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மிதுனா அந்த முதுகையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள், "பசிக்குது."

கட்டுப் போட்ட தோள் ஒரு முறை குலுங்கி அடங்கியது. அவர் திரும்பவில்லை.

"இன்னொருக்கா சொல்லு."